கையில் நார் இருக்கிறது, எந்த வேதிமுறையில் இறங்குவது?

கொஞ்ச காலமாக என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கின்றன. தேனிப் பக்கம் வாழைநார் பிரிக்கும் இயந்திரம் வாங்கிப் போட்ட ஒரு மகளிர் குழு, கூடையும் பையும் முடைந்து விற்பதைத் தாண்டி இந்த நாரில் வேறு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறது. ஈரோட்டில் சைசிங் வைத்திருக்கும் ஒருவர், பாவுக்குக் கஞ்சி போட வெளியில் வாங்கும் சி.எம்.சி.யை (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், செல்லுலோஸிலிருந்து செய்யும் தண்ணீரில் கரையும் பொடி) மில் கழிவுப் பஞ்சிலிருந்து நாமே செய்துகொண்டால் என்ன என்கிறார். முதுகலை மாணவர்கள் நானோ செல்லுலோஸ் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நாரை வேதிமுறையில் மாற்ற ஐந்தாறு வழி இருக்கிறது, எதில் பணத்தையும் உழைப்பையும் போடுவது என்பதுதான் எல்லாருடைய குழப்பமும்.

ஜவுளி பதனிடும் வேலையில் பல வருடம் இருந்த அனுபவத்தில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்யப்போகும் பொருளின் விற்பனை விலையை வைத்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். இந்தத் தொழிலில் லாபம் கரைவது பெரும்பாலும் கழுவும் தொட்டியில்தான்.

வேதியியல் எல்லா முறைகளுக்கும் அடிப்படையில் ஒன்றுதான். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோர்த்த நீண்ட சரடு. பிரான்சில் ஆன்செல்ம் பாயன் 1838இல் அதைத் தாவரங்களிலிருந்து தனியே பிரித்துக் காட்டினார். சரடின் ஒவ்வொரு மணியிலும் மூன்று ஹைட்ராக்சில் குழுக்கள் கை நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கைகளில் எதை மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதே நார் தண்ணீரில் கரையும், தண்ணீரைத் தள்ளும், சாயத்தைப் பிடிக்கும், கூழாகும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, உங்கள் நாரில் செல்லுலோஸ் எவ்வளவு என்பது. பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல். வாழைநாரில் தோராயமாக 60 முதல் 65 சதவீதம். தேங்காய் நாரில் 40 சதவீதத்தை ஒட்டித்தான், ஏறக்குறைய அதே அளவுக்கு லிக்னினும், அதாவது நாரை இறுக்கிப் பிடிக்கும் மரப்பசை போன்ற பொருளும், இருக்கும். தேங்காய் நார் கடல் தண்ணீரில்கூடச் சீக்கிரம் மக்காமல் இருப்பதற்கு அந்த லிக்னின் ஒரு முக்கியக் காரணம். செல்லுலோஸைத் தேடி வருபவருக்கு அதே லிக்னின்தான் தடை.

அடுத்து, முடிவில் நார் நாராகவே இருக்க வேண்டுமா, அல்லது கரைந்து வேறு பொருளாக வேண்டுமா? இதற்குப் பதில் தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

மூன்றாவது, கழிவுநீர். நொய்யல் கரைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டதில் சாயத்தின் நிறத்தைப் போலவே, கண்ணுக்குத் தெரியாத உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. நிறத்தை எடுத்துவிடலாம். கரைந்த உப்பை எடுக்க வேண்டுமானால் சவ்வு வடிகட்டியும் நீரை ஆவியாக்கும் கலனும் வேண்டும். நாரை மாற்றும் முறைகளில் பலவும் உப்பைத் தருபவைதான்.

நான்காவது, வேதிப்பொருளை வாங்க அனுமதி வேண்டுமா, அதைக் கையாள்வது எவ்வளவு ஆபத்து. ஐந்தாவது, வாங்க ஆள் இருக்கிறாரா, எந்தத் தரத்தில் கேட்கிறார்.

| முறை | ஏற்ற நார் | கிடைப்பது | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| காஸ்டிக் | வாழை, தேங்காய், சணல் | பிசினோடு ஒட்டும் சுத்தமான நார் | கழுவும் நீர், எடை இழப்பு | சிறு குழுக்கள் |
| சிட்ரிக் அமிலம் | தேங்காய், வாழை | உலோக அயனியைப் பிடிக்கும் நார் | 150 டிகிரி சூடு, நொறுங்கும் தன்மை | கல்லூரி ஆய்வகம் |
| அசிட்டைல் ஏற்றம் | உலர்ந்த எந்த நாரும் | ஈரம் ஏறாத நார் | சட்டப் பதிவு, அமில மீட்பு | பெரிய ஆலை |
| சி.எம்.சி. | கழிவுப் பஞ்சு | கரையும் கஞ்சி | ஆல்கஹால் இழப்பு, உப்பு | ஆல்கஹால் மீட்கும் வசதி உள்ளவர் |
| டெம்போ (ஒரு வினையூக்கி) ஆக்சிஜனேற்றம் | வெளுத்த கூழ் | நானோ நார்க் கூழ் | வினையூக்கி விலை, தண்ணீரைச் சுமத்தல் | வாங்குபவரைக் கையில் வைத்திருப்பவர் |

செல்லுலோஸைக் கரைத்து மறுபடி இழையாக இழுக்கும் விஸ்கோஸ் முறை ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். 1892இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அந்த முறைக்குக் கார்பன் டைசல்ஃபைடு வேண்டும். சட்டென்று தீப்பிடிக்கும், நரம்பைப் பாதிக்கும் பொருள் அது. சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை இருந்த காலத்தில் பவானி ஆறு பட்ட பாடு அந்தப் பக்கத்து மக்களுக்கு இன்னும் மறக்கவில்லை. சிறு அளவில் அதை நினைத்தே பார்க்கக் கூடாது.

## காஸ்டிக்: நாரைச் சுத்தப்படுத்தித் திறந்துவிடுவது

காஸ்டிக் சோடா செல்லுலோஸின் கைகளில் எதையும் நிரந்தரமாக மாட்டுவதில்லை. நாரின் மேலிருக்கும் மெழுகு, ஹெமிசெல்லுலோஸ் (செல்லுலோஸைவிடக் குட்டையான சர்க்கரைச் சரடு), கொஞ்சம் லிக்னின் ஆகியவற்றைக் கரைத்து எடுக்கிறது. நாரும் கொத்தாக இருந்த நிலையிலிருந்து இழை இழையாகப் பிரிந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. பாலியெஸ்டர், எப்பாக்ஸி மாதிரியான பிசின்களில் நாரை வைத்துப் பலகை செய்பவர்களுக்கு இந்தச் சொரசொரப்புத்தான் உயிர். பதப்படுத்தாத வாழைநாரை வைத்த பலகையை உடைத்துப் பாருங்கள், நார் பிசினிலிருந்து உருவிக்கொண்டு வந்து நிற்கும். பதப்படுத்திய நாராக இருந்தால் பெரும்பாலும் பலகையோடு சேர்ந்து அறுந்திருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜான் மெர்சர் 1850இல் காப்புரிமை பெற்ற, பருத்தி நூலுக்குச் செய்கிற மெர்சரைசிங்கில் 20 சதவீதத்தை ஒட்டிய கடுமையான காஸ்டிக் வேண்டும். அதில் செல்லுலோஸின் படிக அமைப்பே மாறிவிடும். பலகைக்கான நாருக்கு 5 சதவீதமே போதும். கூடப் போட்டால் நல்லது என்று நினைத்து 10, 15 என்று ஏற்றுகிறவர்கள் நாரின் வலிமையைத்தான் இழக்கிறார்கள்.

செலவுக்கு வருவோம். 1 கிலோ நாருக்கு 20 லிட்டர் கரைசல் என்று வைத்தால், 5 சதவீதத்துக்கு 1 கிலோ காஸ்டிக் போகும். ஒரு தடவை ஊறவைத்துவிட்டு அதை அப்படியே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சமன்செய்து கொட்டினால், 1 கிலோ நாருக்குக் கிட்டத்தட்ட 1.46 கிலோ உப்பு வெளியே போகிறது. நாரைவிட உப்பு அதிகம்! ஆனால் நாரை நன்றாகப் பிழிந்து எடுத்தால், அதில் தங்கியிருப்பது நாரின் எடையைப் போல இரண்டு மடங்கு கரைசல், அதாவது 100 கிராம் காஸ்டிக். மீதி 18 லிட்டரைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு, குறைந்துபோன அளவுக்கு மட்டும் காஸ்டிக் சேர்த்து அடுத்த தொகுதியைப் போடலாம். அப்போது வெளியே போகும் உப்பு 150 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். கரைசல் கருப்புக் காப்பி நிறத்துக்கு வந்து, நாரில் கறை ஏறத் தொடங்கும்போதுதான் மாற்ற வேண்டும். முறை ஒன்றுதான், வேதிப்பொருளும் ஒன்றுதான். தொட்டியை நடத்துகிற விதத்தில் உப்பு பத்தில் ஒரு பங்காகிறது. இதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எடை இழப்பையும் மறக்காதீர்கள். காஸ்டிக்கில் கரைந்து போவதும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நார்தான். விலை பேசும்போது பதப்படுத்திய பிறகு நிற்கும் எடையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

அப்புறம் பாத்திரம். வீட்டில் சும்மா கிடக்கிறது என்று அலுமினிய அண்டாவை எடுக்காதீர்கள். காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், அதில் எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பிளாஸ்டிக் தொட்டியோ எவர்சில்வரோ போதும். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் போகவே வேண்டாம்.

நாரை நாராகவே விற்க விரும்புகிறவர்களுக்கு, முக்கியமாக வாழைநார்க் குழுக்களுக்கு, நான் சொல்லும் முதல் வழி இதுதான்.

## சிட்ரிக் அமிலம்: மென்மையான வழி, குறுகிய சந்தை

எலுமிச்சைப் புளிப்பு தரும் அதே அமிலம். நாரை அதன் கரைசலில் முக்கி, உலர்த்தி, 150 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றினால், அமிலம் செல்லுலோஸின் கைகளைப் பிடித்து எஸ்டராக ஒட்டிக்கொள்ளும். நார்மேல் கார்பாக்சில் குழுக்கள் நிற்கும். ஈயம், செம்பு போன்ற உலோக அயனிகளைத் தண்ணீரிலிருந்து அவை பிடித்து வைக்கும். கழுவும் நீரில் இருப்பது பெரும்பாலும் மக்கிப்போகும் சிட்ரிக் அமிலம் என்பதால் கழிவு விஷயத்தில் ஐந்து முறைகளில் இதுதான் நிம்மதி.

குறை என்னவென்றால், சூட்டில் நார் பழுப்பேறும், குறுக்குப் பிணைப்பால் நொறுங்கும் தன்மை வரும். கயிற்றுக்கோ நெசவுக்கோ உதவாது.

மாணவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. மெத்திலீன் நீலத்தை இந்த நார் அழகாக உறிஞ்சுகிறது என்று காட்டிவிட்டு, திருப்பூர் சாயக் கழிவுக்கு இதுவே தீர்வு என்று முடிவுரை எழுதுகிறீர்கள். மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம். எதிர்மின் கார்பாக்சில் அதை இழுக்கும். திருப்பூரில் பருத்திக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம், அது எதிர்மின்னுள்ளது. உங்கள் நார் அதைப் பிடிக்காது, தள்ளும். அந்தச் சாயத்துக்கு நாரில் நேர்மின் குழுவை, அதாவது குவாட்டர்னரி அம்மோனியத்தை மாட்ட வேண்டும். பருத்தித் துணியிலேயே அதை மாட்டினால் சாயமிடும்போது உப்பே இல்லாமல் நிறம் ஏற்றலாம். நிறம் திட்டுத் திட்டாகப் போகாமல் சமாளிப்பதுதான் அதில் கஷ்டம். திருப்பூருக்காக உழைக்க நினைக்கும் மாணவர் அந்தப் பக்கம் போனால் நான் உண்மையிலேயே சந்தோஷப்படுவேன்.

## அசிட்டைல் ஏற்றம்: தரம் உண்டு, கதவு திறப்பது கடினம்

அசிட்டிக் அன்ஹைட்ரைடோடு வினைபுரிய வைத்தால் ஹைட்ராக்சில் கைகள் மூடப்படும், நாருக்குத் தண்ணீர்மேல் இருக்கும் ஆசை குறையும். மழையிலும் ஈரத்திலும் உப்பிச் சுருங்காத நார் கிடைக்கும். நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் 2007லிருந்து பைன் மரத்தையே இந்த முறையில் பதப்படுத்தி விற்கிறார்கள். முறை வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

நம் ஊரில் தடை வேறு இடத்தில். அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஹெராயின் தயாரிப்பிலும் பயன்படுவதால், இந்தியாவில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட வேதிப்பொருள். வாங்க, விற்க, பயன்படுத்தப் பதிவும் கணக்குப் புத்தகமும் வேண்டும். அதோடு, நாரின் எடையை 15 சதவீதம் கூட்டும் அளவுக்கு அசிட்டைல் ஏற்றினால், 1 கிலோ நாருக்குக் குறைந்தது 214 கிராம் அசிட்டிக் அமிலம் துணை விளைபொருளாக வரும். அதை மீட்டு விற்கும் வசதி இல்லையென்றால் கொட்டகை முழுக்க வினிகர் நெடிதான். ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும் மருந்து, சாய வேதிப்பொருள் ஆலைகள் யோசிக்கலாம். மற்றவர்கள் விட்டுவிடுங்கள்.

## சி.எம்.சி.: எல்லாருக்கும் ஆசை, சிலருக்கே கட்டுபடி

கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் எங்கேதான் இல்லை? ஐஸ்கிரீமில், மாத்திரையில், துணி துவைக்கும் தூளில், எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக் கரைசலில், லித்தியம் பேட்டரியின் எதிர்மின்வாயில், பாவுக்குப் போடும் கஞ்சியில். அதனால்தான் கேள்விகளும் இதைப் பற்றியே அதிகம்.

செய்முறை கேட்பதற்கு எளிது. ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் மிதக்கும் செல்லுலோஸைக் காஸ்டிக்கால் உப்பவைத்து, மோனோகுளோரோ அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்து, 55, 60 டிகிரியில் சில மணி நேரம் வைப்பது. குளுக்கோஸ் மணி ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை கைகளில் புதுக் குழு ஏறியிருக்கிறது என்பதைப் பதிலீட்டு அளவு என்பார்கள். அது 0.4ஐத் தாண்டினால்தான் தண்ணீரில் கரையத் தொடங்கும். சந்தையில் 0.7ஐ ஒட்டித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

கணக்கைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். 1 கிலோ செல்லுலோஸ், பதிலீட்டு அளவு 0.7, போட்ட அமிலத்தில் 70 சதவீதம் சரியான இடத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அமிலம் 580 கிராம், காஸ்டிக் 490 கிராம் வேண்டும். கிடைப்பது சுத்தக் கணக்கில் 1.35 கிலோ சி.எம்.சி. அதோடு 360 கிராம் உப்பும், வழிதவறிய அமிலத்தால் 180 கிராம் சோடியம் கிளைகோலேட்டும் கலந்திருக்கும். ஆக, கழுவாத பொருளில் சி.எம்.சி. 71 சதவீதம்தான். சோப்புத் தூளுக்கு இந்தத் தொழில்தரம் ஓடும். சைசிங்கிலும் ஓடும், ஆனால் உப்பு மிஞ்சினால் தறியின் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். உணவுக்கும் மருந்துக்கும் 99.5 சதவீதம் கேட்பார்கள்.

சரி, கழுவிவிடலாம் என்றால் தண்ணீரில் கழுவ முடியாது, பொருளே கரைந்துவிடும். தண்ணீர் கலந்த ஆல்கஹாலில் கழுவ வேண்டும். அந்த ஆல்கஹாலைக் காய்ச்சி மீட்காவிட்டால் தொழிலே இல்லை. மீட்கும்போது நழுவும் ஒவ்வொரு லிட்டரும் நஷ்டம், காற்றில் போனால் தீ அபாயம். மோனோகுளோரோ அசிட்டிக் அமிலமோ தோல் வழியாகவே உடலுக்குள் போகும். தோலில் கொஞ்சம் பரவலாகப் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஒரு ஜோடி கையுறையை நம்பிக் கொட்டகையில் செய்கிற வேலை இல்லை இது.

வாழைநாரில் செய்ய முடியாதா? ஒருமுறை சரியாக வெளுக்காத வாழைநாரில் செய்து பார்த்தேன். காக்கி நிறத்தில் ஒரு பொடி வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கிளறினால், பாதி வெந்த ஜவ்வரிசி மாதிரி வெளியே வழவழப்பு, உள்ளே கரையாத மணி. வடிகட்டியதும் சல்லடையில் நார்த் துணுக்குகள் அப்படியே தங்கின. லிக்னின் மூடியிருந்த இடத்துக்குள் காஸ்டிக் சீராக இறங்கவில்லை, அதனால் அமிலமும் ஏறவில்லை. முதலில் காஸ்டிக், அப்புறம் பெராக்சைடு வெளுப்பு என்று முறையாகச் செய்தால் நல்ல சி.எம்.சி. வரும். ஆனால் அந்த இரண்டு படியின் தண்ணீரையும் எடை இழப்பையும் சேர்த்தால் கழிவுப் பஞ்சோடு போட்டி போட முடியாது.

கழிவுப் பஞ்சும் இன்று பெயருக்குத்தான் கழிவு. பஞ்சைச் சீவும்போது விழும் கோம்பர் கழிவை, குட்டை இழையிலும் நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் மில்கள் நூலுக்காகப் போட்டி போட்டு வாங்குகின்றன. ஈரோட்டு சைசிங்காரருக்கு நான் சொன்ன பதில்: உங்கள் ஒரு ஆலையின் தேவைக்கு மட்டும் என்றால் வாங்குவதே மலிவு. நூலாகாத தூசிப் பஞ்சு மலிவாகத் தொடர்ந்து கிடைத்து, ஆல்கஹால் காய்ச்சும் அனுபவமுள்ள ஒரு வேதியியல் ஆலையும் பங்குக்கு வந்தால் மட்டும் மறுபடி பேசலாம்.

## டெம்போ: மெல்லிய நார், கனமான பாரம்

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா இசோகாயின் குழு வளர்த்தெடுத்த முறை. இதற்காக அவருக்கும் சக ஆய்வாளர்கள் இருவருக்கும் 2015இல் வனப்பொருள் ஆய்வுக்கான மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது. டெம்போ என்ற வினையூக்கி, சோடியம் புரோமைடு, சோடியம் ஹைப்போகுளோரைட் மூன்றும் சேர்ந்து, பி.எச். 10இல், மூன்று கைகளில் ஒன்றை மட்டும் குறிபார்த்து கார்பாக்சிலாக மாற்றும். எதிர்மின் ஏறிய இழைகள் ஒன்றையொன்று தள்ள, லேசாகக் கடைந்தாலே 3, 4 நானோமீட்டர் அகலமுள்ள நார்களாகப் பிரிந்து கண்ணாடி போன்ற கூழாகும். முதல்முறை பார்க்கிறவர்களுக்குக் கண்ணை நம்ப முடியாது. கலங்கலாக இருந்த கூழ் கண்முன்னே தெளிகிறது.

ஜப்பானில் பேனா மையைக் கெட்டிப்படுத்தவும், பெரியவர்களுக்கான டயப்பரில் வாடை பிடிக்கவும் இது பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

வழக்கமான ஆய்வகக் கணக்கில் 1 கிலோ செல்லுலோஸுக்கு 16 கிராம் டெம்போ, 100 கிராம் சோடியம் புரோமைடு, 10 சதவீத ஹைப்போகுளோரைட் 3.7 கிலோ. பட்டியலில் டெம்போவின் எடைதான் குறைவு, விலைதான் அதிகம். கோடையில் வாங்கி வைத்த ஹைப்போகுளோரைட் நாளுக்கு நாள் வீரியம் குறையும், அளந்து பார்க்காமல் ஊற்றினால் கணக்கு தப்பும். பெரிய பாரம் தண்ணீர்தான். கூழில் நார் 1 சதவீதம் என்றால், 1 கிலோ பொருளை அனுப்ப 100 கிலோ கூழை வண்டியில் ஏற்ற வேண்டும். காயவைத்து அனுப்பினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், திரும்ப நீரில் பழையபடி பிரியாது.

ஆய்வுக் கட்டுரைக்கு நல்ல தேர்வு. தொழிலுக்கு, பக்கத்து ஊரிலேயே ஈரக் கூழாக வாங்கிக்கொள்ள ஒரு காகித ஆலையோ பெயின்ட் ஆலையோ எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு யோசியுங்கள்.

## இந்த வாரமே செய்து பார்க்க

வாழைநார் வைத்திருப்பவர்கள் இயந்திரத்துக்கோ கடனுக்கோ ஓடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வெயிலில் நன்றாக உலர்ந்த நார் 100 கிராம். தண்ணீர் 2 லிட்டர், அதில் 100 கிராம் காஸ்டிக். பிளாஸ்டிக் வாளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டு, சாதாரணச் சூட்டில் 2 மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வருவதைப் பார்ப்பீர்கள். நாரைப் பிழிந்து, கரைசலை வாளியிலேயே மூடி வையுங்கள், அடுத்த 100 கிராமுக்கு அதுதான். நாரைக் கழுவ ஊற்றும் ஒவ்வொரு லிட்டரையும் எண்ணுங்கள். ஐந்தாறு லிட்டருக்குப் பிறகு ஒரு மூடி வினிகர் விட்டு அலசுங்கள். பி.எச். தாள் 7 காட்டியதும் நிழலில் காயவைத்து எடை போடுங்கள்.

இதையே ஒரே கரைசலில் ஐந்து தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் பிழிந்ததில் குறைந்த கரைசலை அதே 5 சதவீதக் கரைசலால் நிரப்புங்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: நின்ற எடை, சேர்த்த காஸ்டிக், கழுவிய லிட்டர். நாரை விரலில் சுற்றி இழுத்து, முதல் தொகுதியும் ஐந்தாவதும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கோ பலகை செய்யும் வாடிக்கையாளரிடமோ போகும்போது அந்தத் தாளையும் ஐந்து தொகுதியிலிருந்தும் ஒரு கைப்பிடி நாரையும் எடுத்துப் போங்கள்.